பூட்டு உறுதி, நிலை உறுதியா?

லண்டன் மாநகரில் 1851-ஆம் ஆண்டு மாபெரும் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அந்நகரின் ஒரு கடைச் சன்னலில், ‘இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு’ என்ற அறிவிப்புடன் ஒரு பூட்டு பல்லாண்டுகளாக வைக்கப்பட்டிருந்தது. ஜோசப் பிரமா என்பவரின் அமைப்பில் உருவான பூட்டு அது. பொருட்காட்சிக்கு வந்திருந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர் அதைச் சாவியின்றித் திறந்து காட்டினார். அதற்கு அவருக்கு 16 நாட்களில், மொத்தம் 51 மணி நேரம் தேவைப்பட்டது!

வீட்டுக்குள் நுழைய நினைக்கும் திருடன் 51 மணி நேரம் பொறுத்திருப்பானா? கதவு உள்நோக்கித் திறப்பதாயின், பல நேரங்களில் அவன் பூட்டைத் தொடுவதே இல்லை. காலால் கதவை உதைக்கிறான். பூட்டு பூட்டியபடியே இருக்கிறது, கதவோ திறந்துகொள்கிறது. இது எவ்வாறு நிகழ்கிறது?

உடைவது எது?

கதவில் பதித்த பூட்டின் சாவியைத் திருப்பினால் ஓர் உலோக நாக்கு வெளியே நீண்டு, நிலையிலுள்ள துளைக்குள் புகுகிறது. அந்தத் துளையைச் சுற்றி ஓர் உலோகத் தகட்டைத் திருகாணிகளால் பொருத்தியிருப்பார்கள். ஆங்கிலத்தில் ஸ்டிரைக் பிளேட் எனப்படும் இதனை நாம் நிலைத்தகடு என்று அழைப்போம்.

உதையின் விசை கதவுப் பலகையிலிருந்து நாக்குக்கும், நாக்கிலிருந்து தகட்டுக்கும், தகட்டிலிருந்து திருகாணிகளுக்கும், அவற்றின் வழியே நிலை மரத்துக்கும் செல்கிறது. இது ஒரு சங்கிலி. சங்கிலியின் வலிமை அதன் மிக மெல்லிய கண்ணியின் வலிமையே அன்றோ?

அமெரிக்கா, கனடா நாடுகளில் தனி வீடுகள் பெரும்பாலும் மரச் சட்டங்களால் கட்டப்படுகின்றன. அங்கே நிலை என்பது பெரும்பாலும் முக்கால் அங்குலக் கனமுள்ள, அதாவது ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் பலகைதான். அதற்குப் பின்னால் சிறிது இடைவெளி. அதற்கும் பின்னால்தான் சுவரைத் தாங்கும் உறுதியான சட்டக்கால் இருக்கிறது. சாதாரண நிலைத்தகட்டுடன் வரும் இரண்டு திருகாணிகளும் முக்கால் அங்குல நீளமே உள்ளவை. அவை சட்டக்காலைத் தொடுவதே இல்லை. வீட்டின் காவல் முழுவதும் ஒரு மெல்லிய பலகையை நம்பி நிற்கிறது!

ஓர் எளிய கணக்கு

உதைக்கும் காலின் நிறை 10 கிலோகிராம் என்றும், அதன் வேகம் விநாடிக்கு 6 மீட்டர் என்றும் கொள்வோம். இயக்க ஆற்றல் ½ × 10 × 6 × 6 = 180 ஜூல். கதவு 2 சென்டிமீட்டர் உள்வாங்கி அந்தக் காலை நிறுத்துகிறது எனில், சராசரி விசை 180 ÷ 0.02 = 9,000 நியூட்டன். ஏறத்தாழ 900 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை இது! தோராயக் கணக்குத்தான், கீல்களும் இதில் ஒரு பங்கை ஏற்கும். ஆயினும் பூட்டுக்கு அருகே உதை விழுந்தால் பெரும்பங்கு நிலைத்தகட்டின் மீதே விழும்.

இவ்விசையை மரம் எப்படித் தாங்குகிறது? விறகு பிளந்தவர்களுக்குத் தெரியும்: நாரின் போக்கில் மரம் எளிதில் பிளக்கும், நாருக்குக் குறுக்கே எளிதில் உடையாது. நிலைக்காலின் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது. நாக்கின் துளையும், மேலும் கீழும் உள்ள இரு திருகாணிகளும் அதே கோட்டில் அமைகின்றன. துளைக்கும் நிலையின் விளிம்புக்கும் இடையே எஞ்சுவதோ குறுகிய மரம். உதை விழுந்ததும் அந்தக் கோட்டிலேயே நிலை பிளக்கிறது.

நல்ல தகட்டின் இலக்கணம்

முதலில் பார்க்க வேண்டியது திருகாணியின் நீளம். அமெரிக்க வீடுகளில் 3 அங்குலத் திருகாணி பலகையையும் இடைவெளியையும் கடந்து சட்டக்காலுக்குள் ஆழமாக இறங்கும். பளபளக்கும் கனத்த தகடாயினும், குட்டைத் திருகாணியில் நின்றால் பயன் சிறிதே.

இரண்டாவது, தகட்டின் நீளமும் துளைகளின் அமைப்பும். நீண்ட தகடு விசையை அதிக மரத்தின்மீது பரப்புகிறது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட திருகாணிகள் ஒரே கோட்டில் இல்லாமல் மாறி மாறி அமைந்தால், ஒரே நார்வரிசை பிளப்பது குறையும்.

மூன்றாவது, கனம். மெல்லிய தகரம் வளைந்து நாக்கை விட்டுவிடும். தடித்த எஃகு வளையாது.

நான்காவது, துளையின் ஆழம். 1 அங்குல நாக்கு முழுவதும் நீள இடமில்லையெனில், பூட்டு பாதிதான் பூட்டியிருக்கும்.

இவற்றைச் செய்தபின் கீல்களின் திருகாணிகளையும் கவனிக்க வேண்டும். ஒரு கண்ணியை வலுப்படுத்தினால் அடுத்த மெல்லிய கண்ணி தேடிப்பிடிக்கப்படும்.

நம் ஊர்க் கதவுகள்

நம் ஊரில் பழைய நிலைகள் தடித்த மரத்தால் ஆனவை. செங்கல் சுவரில் பதிக்கப்பட்டவை. நீண்ட திருகாணி பற்றிக்கொள்ள மரம் தாராளமாக உண்டு. ஆனால் தாழ்ப்பாளின் கொண்டியைப் பாருங்கள்: பல வீடுகளில் அதை இரண்டு சிறு திருகாணிகளே தாங்குகின்றன. அவசரத்தில் சிலர் திருகாணியைச் சுத்தியலால் அடித்து இறக்கி, கடைசிச் சுற்றை மட்டும் திருகிவிடுவதும் உண்டு. அப்போது மரைகள் நாரைக் கிழித்துக்கொண்டு செல்கின்றன. பிடிப்பு பெரிதும் குறைகிறது. முதலில் திருகாணியை விடச் சற்று மெல்லிய துளையிட்டு, பிறகு முழுவதும் திருகுவதே முறை.

வேலை முடிந்ததும் கதவைச் சாத்தி, தாழ் தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். நீண்ட திருகாணியை மிகையாக முறுக்கினால் மெல்லிய நிலை வளைந்து, தாழ் இறுகிவிடக்கூடும். இது சிறு குறை அன்று. இரவில் வீட்டில் தீப்பிடித்தால், குழந்தைகளும் முதியவர்களும் அதே கதவின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெளியிலிருந்து உடைக்கக் கடினமாக்கிய கதவை அண்டை வீட்டாரும் விரைவில் உடைத்து உதவ முடியாது. ஆகவே உள்ளே இருப்பவர், இருட்டிலும், சாவி தேடாமல் திறக்கும் பூட்டே நல்ல பூட்டு.

இன்று மாலை ஒரு திருப்புளியை எடுத்து, உங்கள் வீட்டு நிலைத்தகட்டின் ஒரு திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். அதன் நீளம் எவ்வளவோ, அவ்வளவே உங்கள் பூட்டின் வலிமை.