தன் பிழையைத் தானே காணும் பொறி

உலோகத்தைச் செதுக்கி வேண்டிய வடிவம் தருவது மில்லிங் இயந்திரம். அதன் வெட்டுளி சுழலும். உலோகத்தைத் தாங்கிய மேசை வெட்டுளியின்கீழ் நகரும். முன்னாளில் தொழிலாளர் கைச்சக்கரத்தைச் சுழற்றி மேசையை நகர்த்தினர். இன்று அப்பணியைக் கணினியும் மோட்டாரும் செய்கின்றன.

இதற்கெனப் புதிய இயந்திரமே வேண்டுமென்பதில்லை. 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், எண்களின் கட்டளைப்படி இயங்கும் மில்லிங் இயந்திரத்தை இயக்கிக் காட்டினர். சின்சினாட்டி நிறுவனம் செய்திருந்த இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்தே அவர்கள் அதனை உருவாக்கினர்.

கண்ணை மூடி நடப்பவன் வழி தவறினும் அறியான். கண் திறந்து நடப்பவன் அடிதோறும் வழியைத் திருத்திக்கொள்வான். மேசை நின்ற இடத்தை அளந்து, அச்செய்தியைக் கட்டளையோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்துவதே மூடிய சுற்று முறை. இங்குக் கண்ணாக அமைவது என்கோடர் என்னும் அளவி. அதனை எங்குப் பொருத்துவது என்பதே முதல் வினா.

மேசையை ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகு ஒன்று உளதெனக் கொள்வோம். ஒரு சுற்றை 2000 பகுதிகளாக எண்ணும் என்கோடரை மோட்டாரில் பொருத்தினால், ஒரு பகுதி 0.0025 மில்லிமீட்டருக்குச் சமமாகும். ஆயினும் அக்கண் மோட்டாரை மட்டுமே காணும். தேய்ந்த திருகுக்கும் மரைக்கும் இடையே 0.2 மில்லிமீட்டர் தளர்ச்சி இருப்பின், திசை மாறும்பொழுது மோட்டார் சுழன்றும் மேசை அசையாது. என்கோடரோ, எல்லாம் செவ்வனே நடந்ததாகத் தெரிவிக்கும்!

மேசையிலேயே அளவியைப் பொருத்தினால் குறை தீருமா? அதுவும் முற்றும் தீராது. பிழையைக் கண்டதும் கணினி மோட்டாரை முன்னே செலுத்தும். தளர்ச்சியைக் கடந்த மேசை இலக்கைத் தாண்டும். உடனே பின்னே இழுக்கப்படும். இவ்வாறு மேசை ஓயாது நடுங்கும். ஆதலின் திருகை முதலில் மாற்றுதல் வேண்டும். எஃகுக் குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூ, தளர்ச்சியின்றி இறுக்கமாக அமையும். உராய்வும் அதில் குறைவு.

அந்நன்மையில் ஓர் இடரும் உண்டு. உராய்வு குறைந்தமையால், மேலும் கீழும் நகரும் கனத்த பகுதி மின்சாரம் நின்றதும் தானே இறங்கிவிடக்கூடும். அங்கு மின்சாரம் நின்றவுடன் பற்றிக்கொள்ளும் தடையுள்ள மோட்டாரே தக்கது.

பின்னர் மோட்டாரின் வலிமையைக் கணக்கிடுதல் வேண்டும். வெட்டும் விசை, மேசையின் எடை, வேண்டிய வேகம் ஆகிய மூன்றும் அதனை முடிவு செய்யும். நிமிடத்திற்கு 3000 முறை சுழலும் மோட்டார், 5 மில்லிமீட்டர் திருகினால் மேசையை நிமிடத்திற்கு 15 மீட்டர் நகர்த்தும். இறுதியாக, பிழை எல்லை கடந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கட்டுப்பாட்டுப் பொறி இன்றியமையாதது.

எனவே, விலை மிகுந்த மோட்டாரை முதலில் வாங்குவது அறிவுடைமையன்று. தளர்ச்சியை நீக்கி, அளவியின் இடத்தைத் தெளிந்து, அதன்பின் ஆற்றலைச் சேர்ப்பதே முறை. பிழையை உள்ளவாறு காட்டும் கண் இருந்தாலன்றி, எத்துணை ஆற்றலும் பிழையைத் திருத்தாது.