வீட்டின் திசை: வெயில், காற்று, மறைப்பு

தமிழகக் கடற்கரை முஸ்லிம் ஊர்களில் அண்மைக் காலத்தில் எழுந்த வீடுகளை உற்றுநோக்குவோர்க்கு ஒரு முரண் புலப்படும். முற்றமும் திண்ணையும் ஓட்டுக்கூரையும் கொண்ட பழைய வீடுகளைக் காட்டிலும் இவற்றில் சன்னல்கள் பெரியவை. ஆயினும் அவை திறக்கப்படுவது அரிது. தெருவைப் பார்த்த சன்னலுக்குக் கருங்கண்ணாடி, அதன்மேல் கனத்த திரை, உள்ளே பகலிலும் குழல்விளக்கு, வசதியுள்ளவர் வீடாயின் குளிரூட்டி. காரணம் கேட்டால், பெண்கள் புழங்கும் வீட்டிற்கு மறைப்பு வேண்டாமா என்னும் விடை வரும். மறைப்பு வேண்டியதுதான். ஆனால் மறைப்பிற்கும் காற்றிற்கும் பகை என்பது பிற்காலத்து எண்ணம். நம் முன்னோரின் வீடுகளிலும், கெய்ரோ நகரின் பழைய மாளிகைகளிலும் அவ்விரண்டும் ஒருங்கே இருந்தன. திசையறிந்து கட்டியமையே அதனைக் கைகூடச் செய்தது.

திசையறியாமல் கட்டியதற்கு எங்கள் வீட்டையே சான்றாகக் கூறலாம். தெரு மேற்கே இருந்தமையால் முகப்பையும் மேற்கே வைத்தோம். மாடியில் முகப்பை ஒட்டிய அறையே பெரியது என்பதால் அதனை உம்மாவுக்கு ஒதுக்கினோம்; மரியாதை என்று எண்ணிச் செய்தது அது. கோடையில் இஷாத் தொழுகை முடித்து அவர் படுக்கச் செல்லும் வேளையில் அவ்வறைச் சுவர் அடுப்படிச் சுவர்போல் சுடும். ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் தான் வாங்கிய வெப்பத்தை உடனே உள்ளே விடுவதில்லை. சில மணி நேரம் தன்னுள் வைத்திருந்தே விடும். பிற்பகல் நான்கு மணி வெயிலை இரவு ஒன்பது, பத்து மணிக்குத்தான் அவர் அனுபவித்தார். கோடை முழுவதும் கீழே நடையில் பாய் விரித்துப் படுத்தாரேயன்றி, எங்களிடம் ஒரு குறையும் சொன்னாரில்லை.

ஞாயிற்றின் போக்கை முதலில் நோக்குவோம். நாகப்பட்டினம், திருச்சி, கோவை ஆகிய ஊர்கள் ஏறத்தாழ 11 பாகை வடக்கு அகலக்கோட்டில் அமைந்துள்ளன. இங்கு டிசம்பர் இறுதியில் நண்பகல் ஞாயிறு தென்வானில் 55 பாகை உயரத்தில் நிற்கும். ஜூன் இறுதியிலோ உச்சியைத் தாண்டி வடபுறம் 12 பாகை சாய்ந்திருக்கும். ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் வெயில் வடக்கிலிருந்தே வருகிறது. இதிலிருந்து பெறப்படும் ஒரு செய்தி பலருக்கு வியப்பளிக்கலாம். மே, ஜூன், ஜூலை மாதங்களில் தமிழகத்து வீடு எதன் தென்சுவர்மீதும் நேர் வெயில் விழுவதே இல்லை. அக்கினி நட்சத்திரத்தின் கடுமையான நாளிலும் தென்சுவர் பகல் முழுவதும் நிழலிலேயே இருக்கும். சுடுபவை கூரையும், காலையில் கிழக்குச் சுவரும், மாலையில் மேற்குச் சுவருமே.

நாற்பதடி நீளமும் இருபத்தைந்தடி அகலமும் கொண்ட வீட்டின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்திருப்பின், வெயில் தாக்கும் கிழக்கு மேற்குச் சுவர்கள் இருபத்தைந்தடியோடு நின்றுவிடும். அதே வீட்டைத் திருப்பி வைத்தால் ஒவ்வொரு புறமும் நாற்பதடிச் சுவர் வெயில் குடிக்கும். கல்லும் சிமெண்டும் இரண்டிற்கும் ஒன்றே.

சன்ஷேடு வைத்துவிட்டால் போதாதோ எனலாம். இரண்டடி நீண்ட சன்ஷேடு, ஜூன் மாத நண்பகலில் வடசுவரில் ஒன்பதடி ஆழத்திற்கு நிழல் தரும். டிசம்பர் நண்பகலில் தென்சுவரில் ஏறக்குறைய மூன்றடிக்கு நிழல் தரும். மேற்குச் சுவரிலோ, மார்ச் மாதத்து மாலை நான்கு மணிக்கு அது தருவது ஓரடிக்குச் சற்றே மிகுந்த நிழல்தான். தாழ்ந்து வரும் வெயிலை மேலிருந்து மறைக்க இயலாது என்பதே இதன் பொருள். மேற்கு வெயிலுக்கு மரமோ, தாழ்வாரமோ, தட்டியோ எதிரே நிற்க வேண்டும். அதனினும் நன்று, அப்புறத்தில் எவரும் உறங்காதிருத்தல்.

ஈண்டு ஒன்றை இடைக்குறிப்பாகச் சொல்லத் தோன்றுகிறது. திருக்குர்ஆனின் அல்கஹ்ஃபு அத்தியாயம், குகைத் தோழர்கள் துயின்ற இடத்தை வருணிக்கையில், ஞாயிறு எழும்போதும் சாயும்போதும் குகையை விட்டு எவ்வாறு விலகிச் சென்றது எனக் குறிப்பிடுகிறது. அக்குகையின் வாயில் வடக்கு நோக்கி இருந்ததென்பதை இப்னு கஸீர் போன்ற விரிவுரையாளர்கள் இதிலிருந்து உய்த்துணர்ந்தனர். ஒரு வாயிலின் திசையை வெயிலின் போக்கால் கணித்த அறிஞர் மரபு நமக்கு உண்டு. எனினும் நம் நிலப்பகுதியில் வடக்கு வாயில் முழுப் பாதுகாப்பாகாது. ஜூன் மாதத்தில் ஞாயிறு நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே விலகி எழுவதால், வடசுவரும் காலையிலும் மாலையிலும் சாய்வெயிலைப் பெறும்; சன்னலின் இருமருங்கும் நிமிர்ந்த தடுப்புகள் அதற்குப் போதும்.

திசையைத் துல்லியமாக அறிய எளிய வழியொன்று உண்டு. சமதரையில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அதனை மையமாகக் கொண்டு வட்டம் வரைய வேண்டும். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உட்புகும் இடத்தையும், பிற்பகலில் தொட்டு வெளியேறும் இடத்தையும் குறித்து இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். நம் சிற்ப நூல்கள் இதனைச் சங்குத் தாபனம் என்கின்றன. தொழுகை நேரமும் கிப்லாவும் கணித்த அரபு வானியலார் இதே முறையைக் கையாண்டு, அதற்கு ‘இந்திய வட்டம்’ என்னும் பொருள்பட ‘அத்தாயிரத்துல் ஹிந்திய்யா’ என்றே பெயரிட்டனர். கொத்தனாரும் வானியலாரும் ஒரே கோலை நட்டிருக்கின்றனர் என்பது இனிய செய்தியன்றோ!

இனிக் காற்று. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை எனத் திசைதோறும் காற்றிற்குப் பெயரிட்ட மொழி நம்முடையது. சோழமண்டலக் கரையில் கோடைப் பிற்பகலுக்கு உயிர் தருவது கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும் கடற்காற்று. அது வரத் தாமதமாகும் நாளே சென்னையில் கொடிய நாள். கோவைப் பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் காற்று வலுவாக வருகிறது. ஆதலால் எல்லா ஊருக்கும் ஒரே வரைபடம் பொருந்தாது. மனை வாங்கியவர் ஓராண்டேனும் அதன் காற்றைக் கவனித்த பின் கட்டத் தொடங்குவாராயின் மிக நன்று, யார் பொறுக்கிறார்கள்!

வீட்டை நேராகக் காற்றின் முகத்தில் நிறுத்த வேண்டும் என்பதில்லை. காற்றின் திசைக்கு முப்பது பாகை வரை விலகி அமைந்தாலும் பயன் குறைவதில்லை என்றும், காற்று கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வருமிடத்து வெயிலையும் தவிர்க்க வேண்டி 45 பாகை சாய்த்து அமைக்கலாம் என்றும் இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. தென்முகம் நீண்ட வீட்டில் தென்கிழக்குக் காற்று தானாகவே இவ்வாறு சாய்ந்து மோதும். கிழக்குச் சன்னலுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. கடற்காற்று வரும் பிற்பகலில் கிழக்குச் சுவர் நிழலில் இருக்கும்.

ஆனால் புகுந்த காற்று வெளியேற வழி இல்லையெனில் அது புகுவதே இல்லை. ஒரே சுவரில் இரண்டு பெரிய சன்னல்களை வைப்பதைவிட, எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு சிறிய சன்னல்களை வைப்பது மேல். வெளியேறும் வழி, நுழையும் வழிக்குச் சமமாகவோ சற்றுப் பெரிதாகவோ இருத்தல் வேண்டும். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவோர்க்குக் கதவின் மேல் வென்டிலேட்டர் இன்றியமையாதது. சிமெண்ட் விலையேறிய காலத்தில் நாம் முதலில் விட்டொழித்தது அதைத்தான்.

மறைப்பிற்கு வருவோம். கெய்ரோவின் பழைய பகுதியில் 1648இல் கட்டப்பட்ட பைத்துஸ் ஸுஹைமி என்னும் மாளிகை இன்றும் உள்ளது. தெருப்பக்கம் அது பெரிதும் மூடிய வீடு. திறப்பெல்லாம் உள்முற்றத்தை நோக்கியே. சன்னல்களில் கடைசல் மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த மஷ்ரபிய்யாக்கள். இவற்றின் நுட்பத்தை விளக்கி உலகறியச் செய்தவர் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ (1900–1989). கண்மட்டத்தில் துளைகள் நெருக்கமாகவும், அதற்கு மேலே அகலமாகவும் இருக்கும். கீழ்ப்பகுதி பார்வையை மறைக்கும். மேற்பகுதி காற்றை விடும். பகலில் தெருவின் வெளிச்சத்தில் நிற்பவனுக்கு உள்ளிருக்கும் இருள் தெரியாது. உள்ளிருப்பவர் தெருவைக் காண்பர். இரவில் உள்ளே விளக்கேற்றினால் இது தலைகீழாகும். அப்போது மட்டும் திரை வேண்டும். பெயரே ‘பருகுதல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்ததென்பர். குடிநீர்க் குடங்களை அங்கே வைத்துக் குளிரச் செய்தனர்.

அம்மாளிகையில் முன்முற்றத்திற்கும் பின்தோட்டத்திற்கும் இடையே தக்தபூஷ் என்னும் கூரையிட்ட அமர்விடம் உண்டு. பரந்த தோட்டத்தில் சூடேறிய காற்று மேலெழ, நிழல் நிறைந்த முற்றத்துக் குளிர்காற்று அமர்விடத்தின் ஊடே இழுக்கப்படும். நம் வீடுகளில் முற்றத்திற்கும் கொல்லைக்கும் இடைப்பட்ட நடையில் பகற்பொழுதைக் கழித்த மூதாட்டியர் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே பெண்கள் நடமாட விடப்பட்ட ஒடுங்கிய சந்துகளும் மறைப்போடு நிழலையும் தருகின்றன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. கெய்ரோவை அப்படியே பெயர்த்து வருதல் தவறு. அங்கு காற்று வறண்டது, இரவு குளிர்ந்துவிடும். தடித்த சுவர் இரவின் குளிர்ச்சியைப் பகலுக்குச் சேமிக்கும். கூரைமேல் வடக்கு நோக்கி நிற்கும் மல்கஃப் என்னும் காற்றுவாங்கி, தூசி குறைந்த மேற்காற்றைக் கீழே இறக்கும். நம் கடற்கரையில் ஈரப்பதம் மிகுதி. இரவும் அதிகம் குளிர்வதில்லை. வியர்வை உலர வேண்டுமாயின் உடல்மீது காற்று அசைந்தாக வேண்டும். எனவே தடித்த சுவரையும் சிறு சன்னலையும் அல்ல, நிழலையும் இருபுறத் திறப்பையுமே நாம் கைக்கொள்ள வேண்டும். வளைகுடா நாடுகளில் குளிரூட்டிக்கெனவே அடைத்துக் கட்டிய வில்லாக்களின் படத்தை அங்கே உழைத்தோர் கொண்டுவந்து இங்கே எழுப்பியது இரட்டைப் பிழை. மின்சாரம் போனவுடன் அவ்வீடு இரண்டு நாட்டிற்கும் உரியதாக இல்லாமற்போகிறது.

மஷ்ரபிய்யாவுக்கு மரமும் தச்சரும் கிட்டாவிடினும் செங்கல் கிட்டும். லாரி பேக்கர் (1917–2007) திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்களை எழுப்பிக் காட்டினார். சன்னலும் கம்பியும் கண்ணாடியும் திரையும் செய்யும் வேலையை அச்சுவரொன்றே செய்கிறது. மழைக்காலத்து வாடை நேரே தாக்கும் வடகிழக்கில் மட்டும் அதற்குத் தாழ்வாரம் வேண்டும்.

முப்பதுக்கு நாற்பது மனையில் இவையெல்லாம் ஆகுமா? முழுதும் ஆகாது, பெரும்பகுதி ஆகும். கழிப்பறை, பண்டக அறை, மாடிப்படி ஆகிய மூன்றையும் மேற்கே வரிசையாக வைத்தால் அவையே வெயிலுக்கு அரணாகும். தமிழகத்திலிருந்து கிப்லா, மேற்கிலிருந்து ஏறக்குறைய 18 முதல் 24 பாகை வடக்கே சாய்ந்துள்ளது. கழிப்பறையின் இருக்கையைத் தெற்கு வடக்காக அமைத்தால் கிப்லாவை முன்னோக்காமலும் பின்னோக்காமலும் அமையும். மாடிப்படிக் கூண்டின் உச்சியில், காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாகத் திறப்பு விட்டால், சூடான காற்று மேலேறி அவ்வழியே வெளியேறும். பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிய மனையில் இதுவே முற்றத்திற்கு மாற்று.

எங்கள் வீட்டு மேற்குச் சுவருக்கு வெளியே பின்னாளில் மூங்கில் தட்டி கட்டினோம், வேம்பும் நட்டோம். வேம்பு மாடியளவு வளர்வதற்குள் உம்மா மறைந்துவிட்டார்கள். மாடிப்படி வீட்டின் கிழக்கே, கடற்காற்று வரும் வழியை அடைத்துக்கொண்டு இன்றும் நிற்கிறது. மனையில் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று அதனை மேற்கே தள்ளியிருந்தால் ஒரு செங்கல்கூடக் கூடுதலாகச் செலவாகியிராது.