காயம்பட்ட பண்ணையாளும் மாற்று வேலையும்

கதிரடிக்கும் யந்திரமும், தட்டை நறுக்கும் யந்திரமும், விசையால் ஓடும் கரும்பாலையும் வந்த பிறகு பண்ணை வேலை விரைவாக நடைபெறுகின்றது. விபத்தும் அவ்வாறே விரைந்துவிட்டது. உருளையில் அகப்பட்ட கையில் தோல், தசைநார், நரம்பு, எலும்பு யாவும் ஒருங்கே நசுங்கிவிடுகின்றன. இத்தகைய காயம் ஒரே சிகிச்சையில் தீர்வதன்று. முதலில் புண்ணைச் சுத்தி செய்து மூடுவர். பின்னர் தோல் ஒட்டுவர். அதற்கும் பின்னரே நரம்பையும் தசைநாரையும் சீர்ப்படுத்துவர். ஒவ்வொரு கட்டத்திற்கும் இடையே வாரங்களும் மாதங்களும் செல்லும். இந்த இடைக்காலத்தில் தொழிலாளியை எவ்வாறு நடத்துவது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பல கிராமங்களில் நிகழ்வது யாதெனில், புண் ஆறித் தையல் பிரித்தவுடனே, "இனி இந்தக் கையால் ஏர் பிடிக்க முடியாது" என்று வீட்டாரும் பண்ணைக்காரரும் சேர்ந்து முடிவு கட்டிவிடுகின்றனர். அவரைத் தோப்புக் காவலுக்கு அனுப்பிக் கூலியைப் பாதியாக்குவதுண்டு. ஒரு தொகையைக் கையில் கொடுத்து, "இனி யாதொரு பாத்தியதையும் இல்லை" என்று எழுதி வாங்குவதுமுண்டு. தையற்கலை பயிலப் போகுமாறு புத்தி கூறுவோரும் உளர். இவர்களுள் பெரும்பாலோர் நல்லெண்ணம் உடையவர்களே. எனினும், வைத்தியர் தம் வேலையில் பாதியைக்கூட முடிக்காத நிலையில், அந்தக் கை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று எவரால் கூற இயலும்?

அறுபட்ட நரம்பைத் தைத்த பின்னர் அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், அதாவது மாதத்திற்குச் சுமார் ஓர் அங்குலம் வளர்கின்றது. மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனியை எட்ட அரை ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை அவ்விரல்களில் சூடும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. விரலை மடக்கும் தசைநார் கெட்டிருந்தால், சில சமயம் முதலில் சிலிக்கோன் தண்டு ஒன்றை உள்ளே வைத்துப் பாதை உண்டாக்கி, சுமார் மூன்று மாதம் கழித்தே வேறு தசைநாரை அதன் வழியே ஒட்டுவர். முற்றும் போய்விட்ட கட்டைவிரலுக்குப் பதிலாகக் கால்விரலைப் பெயர்த்து வைப்பதும் இக்காலத்தில் நடைபெறுகின்றது. கரும்பு நட்ட மூன்றாம் மாதத்தில் சாற்றைப் பரீட்சித்து விலை பேசுவோர் எவருமிலர். கையின் விலையை மட்டும் அவ்வளவு அவசரமாகப் பேசுவானேன்?

காலை இழந்தவர் விஷயமும் இதுவே. வெட்டிய காலின் வீக்கம் வற்றி அது உரம் பெற்ற பின்னரே செயற்கைக் கால் சரியாகப் பொருந்தும். 1968-ஆம் ஆண்டில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் டாக்டர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ரப்பர்ப் பாதம், செருப்பின்றி நடக்கவும், குத்த வைத்து உட்காரவும், ஈர வயலில் இறங்கவும் ஏற்றது. அக்காலைப் பெறுமுன்பே நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பெட்டிக்கடை வைத்தவர், பின்னர் அது பொருந்தி வரப்பில் நடக்கும்போது, விட்ட நிலத்தைத் திரும்பப் பெறுவது எளிதன்று.

இவ்வாறு கூறுவதால், காத்திருக்கும் மாதங்களில் சும்மா படுத்திருக்கலாம் என்று கொள்ளலாகாது. அசைக்காத கை விறைத்துப் போகும். விறைத்த கணுக்களில் எவ்வளவு நல்ல அறுவையும் பலன் தராது. வைத்தியசாலையில் கற்பித்த விரற்பயிற்சியை நாள் தவறாது செய்வதும், கையைத் தொங்கவிடாது உயர்த்தி வைப்பதுமே அக்காலத்திய முதல் வேலை. அதற்கு மேல், வைத்தியர் அனுமதித்த அளவில், ஆட்கணக்கு எழுதுதல், நிறுவை பார்த்தல், நல்ல கையால் விதை பொறுக்குதல் முதலியவற்றைக் கொடுக்கலாம். தொழுவத்துச் சாணமும், சேற்று நீரும், பூச்சி மருந்தும், அடுப்பும் ஆகா. உணர்ச்சியற்ற விரல் வெந்து போனாலும் அவருக்குத் தெரியாது. இந்த இலேசான வேலை தற்காலிகமானது என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டில் கார் விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழ் அசைவற்றுப் போனார். சிகிச்சைக்குப் பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். அவர் தொழிலை விடவில்லை. உட்கார்ந்து செய்யக்கூடிய பகுதியைத் தேர்ந்துகொண்டார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து அத்துறைக்குத் தலைமை வகித்தார். 1966-ஆம் ஆண்டில் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தொழிலை மாற்றுமுன், பழைய தொழிலில் எஞ்சியிருப்பது என்ன என்று பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

இனி, சட்ட விஷயம். 1923-ஆம் ஆண்டில் ஏற்பட்ட தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படி, யந்திரத்தால் நடக்கும் பண்ணை வேலையில் காயமுற்றவருக்கு, வேலை செய்ய இயலாத காலத்தில் அரைமாதத்துக்கு ஒரு முறை மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு 25 வீதம் தரவேண்டும். அதாவது மாதத்திற்குப் பாதிச் சம்பளம். நிரந்தர ஊனத்திற்கு வேறு அளவு உண்டு: கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. பட்டியலில் சொல்லப்படாத ஊனத்தை, உதாரணமாக விறைத்துப்போன கையை, தகுதி பெற்ற வைத்தியரே மதிப்பிட வேண்டும். சிகிச்சை முடியுமுன் அம்மதிப்பு உண்மையாக அமையாது. மேலும், நஷ்டஈட்டு உரிமையைக் கைவிடுவதாக எழுதி வாங்கிய பத்திரம் செல்லாது. ஆகவே அவ்வாறு எழுதி வாங்குவதால் பண்ணைக்காரருக்கும் பாதுகாப்பில்லை. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதிகள் இடம் பெற்றுள்ளன.

கிராம நிர்வாக அலுவலர்கள் விபத்து நடந்த தேதி, யந்திரத்தின் வகை, அன்றைய கூலி ஆகியவற்றை உடனே குறித்து வைத்தல் நலம். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் சாட்சிகள் ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்வர். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை உண்டு. பெரும்பாலோர் இரண்டாம் அறுவைக்குப் போகாமல் நின்றுவிடுவதற்குப் பயமன்று, வழிச்செலவும் அறுவடை வேலையும் காரணமாகின்றன. அடுத்துப் போகவேண்டிய தேதியைப் பண்ணையின் கூலிப் புத்தகத்திலேயே எழுதி வைத்து, அன்றைக்குப் பஸ் கட்டணமும் துணைக்கு ஓர் ஆளும் கொடுத்தனுப்பலாம்.