செரேனோ போன பிறகுதான் தெரிந்தது!

பேரையூர், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி பக்கம் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பாடிப்போய் நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறவனுக்குத்தான் விசில் பறக்கும். ஓரத்தில் குனிந்து நின்று, சரியான நேரத்தில் கணுக்காலைப் பிடித்து அமுக்கிய கார்னர் பையனின் பெயர் மறுநாள் டீக்கடையில் அவ்வளவாக அடிபடாது.

ஃபுட்பாலில் அந்தக் கார்னர் பையனின் இடம்தான் டிஃபெண்டருக்கு. கோல் போட்டவரின் பெயர் பேப்பரில் வரும். விழாமல் போன கோலுக்கு யார் பெயரைப் போடுவது?

சென்னையின் எஃப்.சி. அணிக்கு 2018-ல் ஐ.எஸ்.எல் கோப்பையை வாங்கிக்கொடுத்த கேப்டன் யார் என்று கேட்டுப்பாருங்கள். ஜெஜே என்பார்கள், ரஃபேல் அகஸ்டோ என்பார்கள். தோனியும் அபிஷேக் பச்சனும் அணியின் உரிமையாளர்கள் என்பதுகூட நினைவிருக்கும். ஹென்ரிக் செரேனோ என்ற பெயரைச் சொல்பவர்கள் குறைவு.

போர்ச்சுகலின் எல்வாஷ் நகரில் 1985 மே 18-ல் பிறந்தவர் செரேனோ. ஸ்பெயின் எல்லையை ஒட்டிய ஊர். படையெடுப்பைத் தடுக்க நட்சத்திர வடிவில் கட்டிய பிரமாண்டமான கோட்டை அரண்கள்தான் ஊரின் அடையாளம். யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் அது இருக்கிறது. கோட்டைக்குப் பெயர்போன ஊரிலிருந்து ஒரு தடுப்பாட்டக்காரர்! ‘செரேனோ’ என்றால் போர்ச்சுகீசிய மொழியில் ‘அமைதியானவன்’ என்று அர்த்தம். பெயர்ப் பொருத்தம் அமைந்துவிட்டது. வேலைப் பொருத்தம்தான் அவ்வளவு சுலபமாக அமையவில்லை.

விட்டோரியா குய்மரேஷ் கிளப்பில்தான் அவர் கவனிக்கப்பட்டார். இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்த அணி அது. 2007-ல் முதல் டிவிஷனுக்குத் திரும்பியது. திரும்பிய முதல் சீசனிலேயே மூன்றாம் இடம். 2010-ல் போர்ட்டோ அவரை அழைத்துக்கொண்டது.

போர்ட்டோ என்றால் சும்மா இல்லை. 2010-11 சீசனில் போர்ச்சுகல் லீக், போர்ச்சுகல் கோப்பை, யூரோப்பா லீக் என்று மூன்றையும் அள்ளிய அணி. யூரோப்பா லீக் இறுதிப்போட்டி டப்ளினில் 2011 மே 18 அன்று நடந்தது. ஆம், செரேனோவின் 26-வது பிறந்தநாள். பிராகா அணியை போர்ட்டோ 1-0 என வென்றது. ஆனால், தொடக்கத்தில் களமிறங்கிய 11 பேரில் அவர் இல்லை. நடுத் தடுப்பில் ரோலாண்டோவும் ஓட்டமெண்டியும் நின்றார்கள்.

அதன் பிறகு, அவர் கதை ஒரு வாடகை வீட்டுக் கதை. ஜெர்மனியின் கொலோன் அணிக்குக் கடனாகப் போனார். 2012-ல் அந்த அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. ஏற்கெனவே 2010-ல் கடனாகப் போயிருந்த ஸ்பெயினின் வயடோலிட் அணிக்கும் அதே கதிதான். பிறகு துருக்கியின் கைசெரிஸ்போர். அதுவும் 2014-ல் இறங்கியது. மூழ்குகிற படகில் தண்ணீரை இறைத்து ஊற்றுகிற வேலையே திரும்பத் திரும்ப வாய்த்தது. போர்ச்சுகல் தேசிய அணியில் பெபே, புருனோ ஆல்வெஸ் போன்றவர்கள் இடத்தைப் பிடித்திருந்த காலம் அது. செரேனோவுக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆட்டம்.

31 வயதில் இந்தியா வந்தார். வயதான வெளிநாட்டு வீரர்கள் பணத்துக்காகத்தான் இங்கே வருகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. சிலர் விஷயத்தில் அது உண்மையும்கூட. இவர் அப்படி விளையாடவில்லை. முதல் அணி கொல்கத்தா. 2016 டிசம்பர் 18, கொச்சியில் இறுதிப்போட்டி. அரங்கம் முழுக்கக் கேரள ரசிகர்களின் மஞ்சள். முகமது ரஃபி தலையால் முட்டி கேரளத்துக்கு முதல் கோலைப் போட்டார். சில நிமிடங்களில், இடைவேளைக்குச் சற்று முன்பு, கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டிச் சமன் செய்தவர் செரேனோ. பெனால்ட்டியில் கோப்பை கொல்கத்தாவுக்கு.

அடுத்த சீசனில் சென்னை. பயிற்சியாளர் ஜான் கிரிகோரி இவரை கேப்டனாக்கினார்.

நடுத் தடுப்பாட்டக்காரரின் வேலையில் பாதி வாயில்தான் இருக்கிறது. களம் முழுவதும் அவர் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கும். முன்னால் ஆடுகிறவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. ‘ஏறு, இறங்கு, இடதுபக்கம் ஆள் வருகிறான்’ என்று அவர்தான் குரல் கொடுக்க வேண்டும். நாலு பேர் ஒரே கோட்டில் ஏறினால் எதிரணி வீரர் ஆஃப்சைடில் சிக்குவார். ஒருவர் ஓரடி பின்தங்கினால் போதும், கோல்! கபடியில் சங்கிலி கோத்து நிற்கிறார்களே, கிட்டத்தட்ட அதே கணக்கு. கை மட்டும் கோக்கவில்லை.

செரேனோவுக்கு முன்னால் நின்று அந்தக் குரலைக் கேட்டவர்களில் ஒருவர் நம்மூர்ப் பையன். வட சென்னை வியாசர்பாடியில் வளர்ந்த தன்பால் கணேஷ். எதிரணியின் தாக்குதலை நடுக்களத்திலேயே மறிக்கிற பொறுப்பு அவருக்கு. கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், நேரு ஸ்டேடியத்தில் ஒரு கோலும் போட்டார். 3-0. லீக்கின் மிக ஆபத்தான தாக்குதல் அணிகளில் ஒன்றான கோவாவால் அன்று ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. பேச்செல்லாம் ஜெஜே போட்ட இரண்டு கோல்களைப் பற்றித்தான்.

2018 மார்ச் 17, பெங்களூரு. லீக்கில் 40 புள்ளிகளோடு முதலிடம் பிடித்த அணி, சொந்த மைதானம். சென்னைக்கு 32 புள்ளிகள். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிய பந்து உள்ளே போனது. அவ்வளவுதான், முடிந்தது என்று டிவியை அணைத்தவர்கள் ஏமாந்தார்கள். கிரெகரி நெல்சன் அடித்த கார்னர்களில் செரேனோவின் தடுப்புக் கூட்டாளி மெயில்சன் இரண்டு முறை தலையால் முட்டி கோலாக்கினார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோல். கடைசியில் மிக்கு ஒன்று திருப்பினாலும் 3-2 என்று முடிந்தது. கோல் போட்டவர்கள் பட்டியலில் செரேனோ இல்லை. கோப்பையைத் தூக்கிய படத்தில் இருந்தார். அடுத்தடுத்த இரண்டு சீசன்களில், இரண்டு வேறு அணிகளுக்காக ஐ.எஸ்.எல் பட்டம்!

அத்தோடு சென்னையை விட்டுக் கிளம்பினார்.

2018-19 சீசன். அதே ஜான் கிரிகோரி. மெயில்சன் இருந்தார், ஜெஜே இருந்தார், நெல்சனும் ரஃபேலும் இருந்தார்கள். தடுப்புக்கு எலி சபியா என்ற பிரேசில்காரரை எடுத்தார்கள், நல்ல ஆட்டக்காரர்தான். தன்பால் கணேஷ் மட்டும் காயத்தால் வெளியே. இரண்டு பேர் இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஜெஜேவுக்கும் கோல் அவ்வளவாக வரவில்லை. ஆனால், முந்தைய வருடம் கடைசி நிமிடம் வரை பிடித்து நின்ற ஆட்டங்களை இந்த முறை விட்டுக்கொடுத்தார்கள். 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. நடப்பு சாம்பியன் 9 புள்ளிகளோடு பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது.