ரப்பர் தோட்டத்துப் பின்கட்டில் ஒரு மார்கழிக் காலை

நம்ம பக்கத்தில் இலையுதிர்காலமே கிடையாது என்று யாராவது சொன்னால், மார்கழி பாதியில் அவர் கையைப் பிடித்து காட்டாக்கடைக்கு இழுத்து வந்துவிட வேண்டும். டிசம்பர் முடிந்து ஜனவரி பிறக்கிற அந்தச் சில வாரங்கள்! ஒற்றசேகரமங்கலம், வெள்ளறடை, கள்ளிக்காடு என்று எந்த வழியில் போனாலும் ரப்பர் தோட்டங்கள் மஞ்சளும் செம்பும் சிவப்புமாகப் பழுத்து நிற்கும். பிறகு மளமளவென்று கொட்டித் தீர்த்துவிட்டு மொட்டையாகிவிடும். நேற்று வரை இருட்டாகக் கிடந்த தோட்டத்துக்குள் திடீரென்று ஆகாயம் தெரியும். கணுக்கால் மூடுகிற சருகு. பிள்ளைகளைக் கூட்டிப் போக இதைவிட நல்ல நேரம் வருஷத்தில் இல்லை.

நடந்துவிட்டு மட்டும் திரும்பிவிடாதீர்கள். இந்தக் கூத்துக்குப் பின்னால் அணியறை ஒன்று இருக்கிறது. அதற்குள் எட்டிப் பார்ப்பதில்தான் முழுச் சந்தோஷமும்.

அதற்கு விடியுமுன் போக வேண்டும். தோட்டக்காரரிடம் முந்தின நாளே ஒரு வார்த்தை கேட்டுவைத்தால் போதும், இந்த ஊர்க்காரர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு ஒருபோதும் வேண்டாம் என்பதில்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுகிற மாமா மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருப்பார். பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். பட்டையில் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து கத்தி இறங்கும். உள்ளே பால்குழாய்கள் நேர்குத்தாக இல்லாமல் லேசாகச் சாய்ந்து ஓடுவதால், இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும்.

"மாமா, மரத்துக்கு நோவாதா?"

"தோலைத்தானே மக்களே சீவுறேன். தடியத் தொட்டாத்தான் மரம் கெட்டுப்போவும்."

சீவி விழுகிற பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். வெயில் ஏறுமுன் குழாய்களுக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், அதனால்தான் இந்த அதிகாலை அவசரம். முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பாலை அவர் நீளமாக உரித்துக் கொடுத்தால் அன்றைக்குப் பந்து தயார்!

எல்லா மரமும் சொல்லிவைத்தாற்போல ஒன்றாக இலை கொட்டுவது எப்படி என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். பதில் அழகானது. இவற்றில் பெரும்பாலானவை ஒட்டுக்கன்றுகள். ஒரே தாய்மரத்து மொட்டை வேறு கன்றில் ஒட்டவைத்து வளர்த்தவை. 1980இல் வெளியாகி கேரளம் முழுக்கப் பரவிய ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 ரகத்தை நட்ட தோட்டம் என்றால், அங்கே நிற்கிற அத்தனையும் உண்மையில் ஒரே மரம்தான்! ரப்பரே அமேசான் காட்டு மரம்தான். 1876இல் ஹென்றி விக்ஹாம் எழுபதாயிரம் விதைகளை லண்டனுக்குக் கடத்தியதில் தொடங்கி, 1902இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் தோட்டமாகி, இன்று நம் வேலி வரைக்கும் வந்து நிற்கிறது.

ஒரு சருகைக் கையில் எடுங்கள். ஒரு காம்பு, மூன்று இலை. கோடைமழை வருகிற வரைக்கும் தண்ணீர் தட்டுப்பாடு என்பது மரத்துக்குத் தெரியும். இலையில் இருக்கிற சத்தை முதலில் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே வருகிறது. பிறகு காம்படியில் மெல்லிய அடுக்காக உயிரணுக்கள் பிரிய, காற்று வந்து தட்டினால் போதும். காம்பு கழன்ற இடத்தைத் தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருக்கும். மரம் தானாகவே மூடிக்கொண்ட காயம் அது.

இனிதான் ரகசியம். ஒரு குச்சியால் சருகை மெல்லப் புரட்டுங்கள். கறுப்பாக, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத வண்டுகள் ஓடுகின்றனவா? முப்ளி வண்டு! சித்திரையில் முதல் கோடைமழை கொட்டிய ராத்திரி, விளக்கு வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள் ஆயிரக்கணக்கில் நுழைந்து, ஓட்டுக்கடியிலும் கட்டிலிலும் விழுந்து அம்மாமாரைப் படாதபாடு படுத்துமே, அதே வண்டுதான். அதன் தொட்டில் இந்தச் சருகு. உதிர்ந்த ரப்பர் இலையைத் தின்று முட்டையிட்டுப் பெருகுகிறது. மழை வந்ததும் வீட்டு இடுக்குகளில் அடைந்து மாதக்கணக்கில் சும்மா கிடக்கிறது. அடுத்த இலை உதிரும்போது பழையபடி தோட்டத்துக்கு. வீட்டில் எல்லாரும் வெறுக்கிற பூச்சியின் சொந்த ஊரைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை ஒரு பிள்ளையின் முகத்தில் எப்படி ஒளிரும் என்று பார்க்கவே போகலாம். கையில் மட்டும் எடுக்க விடாதீர்கள். நசுங்கினால் தோல் பொத்துப்போகிற நீரை விடும். அணலிப் பாம்பும் சருகின் நிறத்தில் கிடக்கும் என்பதால், கால்மூடிய செருப்பு, நடந்து பழகின தடம், முன்னால் தரையைத் தட்ட ஒரு கம்பு, இவை மூன்றும் கட்டாயம்.

தை பிறந்ததும் அதே மொட்டைக்கிளைகளில் தாமிர நிறத்தில் தளிர் தொங்கும். அப்போது இன்னொரு தடவை போங்கள், ஏனென்றால் தேன் வருகிற நேரம் அது. தேன் பூவிலிருந்து வருகிறது என்றுதானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? ரப்பர் தேன் இலையிலிருந்து வருகிறது! மூன்று இலையும் காம்போடு சேருகிற அந்த முனையை உற்றுப் பாருங்கள், குண்டூசித் தலை அளவுக்குச் சுரப்பிகள். அவற்றில் மினுங்குகிற சொட்டுக்குத்தான் தேனீக்கள் அடித்துப் பிடித்து வருகின்றன. கேரளத்துத் தேனில் பெரும்பங்கு இந்தக் காம்பு முனையிலிருந்து கிடைப்பதுதான். பாறசாலையிலிருந்து களியக்காவிளை தாண்டினால் வருகிற மார்த்தாண்டத்தில், 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹேட்ச் கிராமத்தாருக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தொழில் இன்றும் செழிக்கிறது. ரப்பர் தளிர்க்கும் நேரத்தில் தோட்டம் தோட்டமாகத் தேன்பெட்டிகளைப் பார்க்கலாம். பெட்டிக்காரர் மூடியைத் திறந்து ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டினால் அன்றைக்கு எந்தப் பிள்ளையும் வீட்டுக்கு வர மறுக்கும்.

நிஜக் காடு வேண்டும் என்று அடம்பிடித்தால் பக்கத்திலேயே நெய்யாறு இருக்கிறது, 1958இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், 128 சதுர கிலோமீட்டர். கோட்டூர் காப்புக்காட்டு யானைகளைக் காட்டியும் சமாதானப்படுத்தலாம்.

ஆனால் ஆகஸ்ட்டில் திரும்பவும் ரப்பர் தோட்டத்துக்கே வந்துவிடுங்கள். வெயில் ஏற ஏற முற்றின காய்கள் உச்சியில் பட் பட்டென்று வெடித்து, காய்க்கு மூன்று கொட்டையாக எட்டத்தில் போய்த் தெறிக்கும். புள்ளி போட்ட அந்தக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் வேகமாகத் தேய்த்து, அசந்திருக்கிற அண்ணன் கையில் சூடு வைத்துவிட்டு ஓடுகிற விளையாட்டை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.