கோம்பை நாய் வளர்க்க ஆசையா?

போடிநாயக்கனூரிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் தேவாரம் வரும். அப்புறம் பண்ணைப்புரம்; இளையராஜா பிறந்த ஊர். அதை அடுத்து, மலை அடிவாரத்தில் இருக்கிறது கோம்பை. இந்த ஊர்ப் பேரைச் சொன்னதும் மதுரைச் சீமையில் பலரும் கேட்கிற முதல் கேள்வி, "நல்ல நாய்க்குட்டி கிடைக்குமா?" என்பதுதான்.

கோம்பை நாய் அவ்வளவு பிரசித்தம்! செவலை நிறம். வாயும் மூக்கும் மட்டும் கரி பூசினது போலக் கறுத்திருக்கும். பிடித்தால் விடாது என்று பெயர். அந்தக் காலத்தில் காட்டுப் பன்றியை மடக்க இதைத்தான் கூட்டிக் கொண்டு போவார்கள். 1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை போயிற்று. நாய்க்கு மிஞ்சியது காவல் வேலை.

ஏலக்காய்க்குக் காவல்

ஏல மலையில் காவலுக்குக் குறைவில்லை. போடிமெட்டுக்கு மேலே ஏறினால் எங்கும் ஏலத் தோட்டம். பறித்த பச்சைக் காயை ஸ்டோரில் சூடு போட்டு உலர்த்துகிறார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. அப்படியானால் 50 கிலோ மூட்டை ஒன்று மூன்றரை லட்சம்! ஸ்டோர் வாசலில் ஒரு முரட்டு நாயைக் கட்டிப் போட எந்த முதலாளிக்கும் தோன்றும்.

கட்டிப் போடுவதில்தான் வினை இருக்கிறது.

பகல் முழுவதும் சங்கிலி. இராத்திரி அவிழ்த்து விடுவது. சோறு வைப்பது ஒரே ஆள். வேறு யார் கை பட்டாலும் காவல் கெட்டு விடும் என்று ஒரு நம்பிக்கை. சரி, அந்த ஆள் ஒரு நாள் காய்ச்சலில் படுத்து விட்டால்? வேலையை விட்டே போய் விட்டால்? நாயைப் பிடித்துக் கட்ட ஆள் கிடையாது. விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப் வந்து நிற்கும். காய் எடுக்கிற பெண்கள் தூக்குச்சட்டியோடு இறங்கி ஸ்டோர் வழியாக நடப்பார்கள். சில சமயம் கூடவே குழந்தையும் வரும். கூலிக்கு வருகிறவர் யார், திருட வருகிறவன் யார் என்று நாய்க்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வெளியாயிற்று. முற்றத்தில் சங்கிலியில் கட்டி வைக்கப்பட்ட நாய்களிடம் கடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று பங்கு இருந்தது. ஓட வழி இல்லாத நாய் பாய்வதைத்தான் கற்றுக் கொள்கிறது.

பட்டியலில் இல்லாத நாய்

பட்டணத்திலும் இதே சங்கடந்தான். 2024 மே 5-ந் தேதி சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. ஊரே பதறியது. அதற்கு முன்பே, மார்ச் 12-ல், மத்திய அரசு 23 வகை நாய்களின் பெயரைப் போட்டு, இறக்குமதியும் இனவிருத்தியும் விற்பனையும் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்து விட்டது.

அந்த 23-ல் பிட்புல் உண்டு. ராட்வைலர் உண்டு. கோம்பை இல்லை. அதற்காகக் கோம்பை நாயின் பல் மழுங்கியா போய் விட்டது?

நெதர்லாந்தில் 1993-ல் பிட்புல்லைத் தடை செய்தார்கள். நாய்க்கடி குறையவில்லை என்று 2008-ல் தடையை நீக்கினார்கள். இங்கிலாந்தோ 1991-ல் நான்கு வகைகளைத் தடுத்து, 2023-ல் எக்ஸ்.எல். புல்லி என்ற ஐந்தாவதையும் சேர்த்திருக்கிறது. பெரிய நாய் கடித்தால் காயம் பெரிது. ஆகையால் பட்டியலே வீண் என்று சொல்லி விட முடியாது. ஆனாலும் பட்டியலில் எஜமானர் பேர் இல்லையே!

குட்டியிலேயே பழக்கம்

மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரையில் குட்டி எதைப் பார்க்கிறதோ அதற்குப் பயப்படாது. குடை, சைக்கிள், ஜீப், தலையில் மூட்டை சுமந்து வருகிறவர், ஓடுகிற குழந்தை எல்லாவற்றையும் அப்போதே காட்டி விட வேண்டும். இப்படிப் பழகினால் காவல் கெட்டு விடாது. தெரிந்த ஆள் வந்தால் சும்மா இருக்கிற நாய் இராத்திரி குரைத்தால், அதில் விஷயம் இருக்கிறது என்று நம்பி எழுந்திருக்கலாம்.

வார்த்தை மூன்று போதும். வா, இரு, விடு. வீட்டில் எல்லாரும் அதே மூன்றைத்தான் சொல்ல வேண்டும். கோம்பைக்கு முக்கியம் "விடு". ஒரு கயிற்றைக் கடித்து இழுக்க விடுங்கள். மூக்கருகில் ஒரு துண்டு கறியைக் காட்டுங்கள். வாயைத் திறந்து கயிற்றை விடும்போது வார்த்தையைச் சொல்லிக் கறியைக் கொடுங்கள். பிறகு கயிற்றையும் திருப்பிக் கொடுங்கள். விட்டால் நஷ்டமில்லை என்று அதற்குத் தெரிந்து விடும்.

உறுமினால் அடிக்கிறவர்கள் உண்டு. மகா தப்பு! உறுமுவது அது கொடுக்கிற எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால், அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும்.

சங்கிலிக்குப் பதில் கம்பி வேலி போட்ட அடைப்பு நல்லது. சோறு வைக்க இரண்டு மூன்று பேரைப் பழக்க வேண்டும். ரோட்டில் கூட்டிப் போகும்போது கையில் வார். கூட்டம் இருக்கிற இடத்தில் வாய்க்கூடு. வருஷா வருஷம் வெறிநாய் நோய்த் தடுப்பூசி. இதெல்லாம் முடியாதவர் குரைக்கிற நாட்டு நாய் ஒன்றை வளர்க்கலாம்; திருடனுக்கு அது போதும்.

கடித்து விட்டால்

வளர்க்கும் மிருகத்தை அஜாக்கிரதையாக வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடிபட்டவருக்கோ முதல் வேலை சோப்பும் தண்ணீரும். குழாயடியில் கால் மணி நேரம் காயத்தைக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் அப்பக் கூடாது. நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் அன்றே ஊசி போட்டு, டாக்டர் சொல்லும் மற்ற நாட்களிலும் தவறாமல் போட வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் கடித்த இடத்திலேயே வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். நம் வீட்டு நாய்தானே என்று இருந்து விடுவது ஆபத்து.

குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய் நாயைப் பார்த்து விட்டு வாங்க வேண்டும். அந்நியர் கிட்டே போனால் தாய் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். 8 வாரம் ஆகாத குட்டியை விற்பது சட்டப்படி கூடாது. இரண்டு வயசு நாயைச் சங்கிலியோடு கொண்டு வந்து மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், விலையைக் கேட்பதற்கு முன்னால் ஏன் விற்கிறார் என்று கேளுங்கள்.