மெலிவு மருந்தும் அனுசரணை ஆய்வும்

வங்காலை, எருக்கலம்பிட்டி போன்ற மன்னார்க் கரையோரக் கிராமங்களுக்கும் கைத்தொலைபேசி வழியே உடல் மெலிவு மருந்து விளம்பரங்கள் வந்து சேருகின்றன. "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்பதே அவற்றின் பிரதான வாசகம். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார் என நாம் கேட்பதில் நியாயமுண்டு. ஆனால், கொடுத்தவர் உற்பத்தியாளர் என்றதும் முடிவையே பொய்யெனத் தள்ளுவது சோம்பேறித்தனமான தீர்ப்பு.

சிபுட்ராமின் மருந்தின் பாதுகாப்பைச் சோதிக்குமாறு ஐரோப்பிய அதிகாரிகள் வற்புறுத்தினர். செலவை ஏற்றது உற்பத்தியாளரான அபொட் நிறுவனமே. இருதய நோயோ நீரிழிவோ உள்ள சுமார் 10,000 பேரிடம் நடந்த அவ்வாய்வில், மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் அபாயம் 16 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனை நின்றது; 2011 இல் இந்தியா தடை செய்தது. கேள்வியை எழுப்பியவர் விற்பனையாளர் அல்லர் என்பதே இங்கு முக்கியம்.

செமகுளுட்டைட் ஊசி பற்றிய 2021 ஆம் ஆண்டு ஆய்வுக்கும் உற்பத்தியாளரான நோவோ நோர்டிஸ்க்கே அனுசரணை. 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. ஊசியை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதையும் அதே ஆய்வின் தொடர்ச்சியே பதிவு செய்தது. விளம்பரம் அதைச் சொல்லுமா? "மூலிகை" மாத்திரைகள் பலவற்றுக்கோ உறுதியான ஆய்வில்லை; விலக்கப்பட்ட சிபுட்ராமினே அவற்றுள் மறைத்துக் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது.